தர மேலாளர் இஞ்சி டீ பயின்ற வரலாறு

உலகத்தில் தியாகங்கள் பல வகை. நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. கொள்கைக்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்றுவரை தலைமறைவாக இருப்பவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் சிலை இருக்கிறது. சிலை இல்லாவிட்டால் ஒரு சந்துக்காவது பெயர் இருக்கிறது. ஆனால், மனைவியின் முன்னேற்றத்துக்காகத் தானே அடுப்படிக்குள் நுழைந்து இஞ்சி டீ போடக் கற்றுக்கொள்வதாக அறிவித்த ஒரு கணவருக்கு இதுவரை யாரும் ஒரு செங்கல்கூட நட்டதில்லை. அந்தப் பெருங்குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டே இந்த வரலாறு எழுதப்படுகிறது.

அந்த மாமனிதர் ஒரு மூடி கம்பெனியில் தர மேலாளர். பாட்டில் மூடி, டப்பா மூடி, மருந்துக் குப்பி மூடி என்று எல்லா வகை மூடிகளையும் கையில் எடுத்துத் திருகிப் பார்த்து, "ஏற்கப்பட்டது" அல்லது "நிராகரிக்கப்பட்டது" என்று தீர்ப்புச் சொல்வது அவர் பொறுப்பு. வீட்டிலும் அவருக்கு அதே கண்தான். தேய்த்து மடித்த சட்டை, தட்டில் விழுந்த சாதம், மகளின் ஆங்கில உச்சரிப்பு எல்லாமே அவர் முன்னால் வந்து நின்று தீர்ப்பு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். பெரும்பாலும் நிராகரிக்கப்பட்டன.

அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஊசி இறங்கியதே தெரியாமல் ரத்தம் எடுக்கும் கை. ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் ஆசாமிகள்கூட, "அந்த அம்மா இருந்தா மட்டும் எடுத்துக்கறேன்" என்று வரிசையில் காத்துக் கிடப்பார்கள். அவளுக்கு ஒரு நாள் நல்ல சேதி வந்தது. அன்று மாலை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்னங்க, புதுக் கிளை ஆரம்பிக்கிறாங்களாம். என்னைத்தான் பொறுப்பாளரா போடப்போறாங்களாம்."

மேலாளர் செய்தித்தாளை மடித்தார். ஓரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொண்டார். பிறகு, "ரொம்ப சந்தோஷம்" என்றார்.

"ஆனா அதுக்கு முன்னாடி மூணு மாசம் பயிற்சி. தலைமைக் கூடம் வேற ஊர்ல இருக்கு, அங்கயே தங்கிப் படிக்கணும். வரேனா இல்லையான்னு இந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். திங்கக்கிழமை காலைல கிளம்பணும்."

"எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை."

இந்த வாக்கியத்தை வாசகர்கள் எழுந்து நின்று படிக்க வேண்டும். ஆட்சேபணை உண்டா என்று அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. கேட்காமலே, தாமாக முன்வந்து, இல்லை என்று சொன்னார். இப்படிப்பட்ட பெருந்தன்மையை விலை கொடுத்து வாங்க முடியுமா?

"சாப்பாட்டுக்குத் தெருமுனை ஓட்டல்ல சொல்லி வெச்சுடறேன்" என்றாள் அவள். சந்தோஷத்தில் வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. "துணிக்கு மெஷின் இருக்கு. மிச்சத்தை வக்கீல் பாத்துக்குவா."

வக்கீல் என்பது மகள். பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். எதைச் சொன்னாலும் ஒரு எதிர்க்கேள்வி தயாராக வைத்திருப்பதால் வீட்டில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"எல்லாம் சரி" என்றார் மேலாளர். "ஒரே ஒரு சின்ன விஷயம். டீ."

அவள் முகம் தொங்கிப்போனது. அவளுக்கு அது தெரியாத விஷயமா? காலையில் கண் விழிக்க ஒரு டீ, ஆபீஸ் கிளம்ப ஒரு டீ, திரும்பி வந்ததும் ஒரு டீ. அதுவும் இஞ்சி நச்சி, ஏலக்காய், கிராம்பு, மிளகு எல்லாம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்த டீ. அது தொண்டைக்குள் இறங்காவிட்டால் அவருக்கு மண்டை இடி வந்துவிடும். கடை டீ குடித்தால் நெஞ்சு எரியும். அவள் காய்ச்சலில் படுத்த நாட்களில்கூட எழுந்து வந்து ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவரும் அதைக் குடித்துவிட்டு, "பேசாம படுத்து ரெஸ்ட் எடு" என்று அக்கறையோடு சொல்லியிருக்கிறார்.

"இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற?" என்றார் மேலாளர். "நானே கத்துக்கறேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாள் முதல் அந்த மனிதர் அடுப்பைப் பார்த்து நின்று அவள் பார்த்ததில்லை. இவரைப் போய் மனசுக்குள் எத்தனை தடவை திட்டியிருக்கிறோம் என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

வக்கீல் மட்டும் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

மறுநாள் காலை "தன்னிறைவுத் திட்டம்" தொடங்கியது. திட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் மேலாளரே. கம்பெனியில் மூடியின் விட்டத்தை அளக்கும் இரும்புக் கருவியைக் கையில் ஏந்தி, சட்டைப் பையில் இரண்டு பேனா செருகி, அவர் அடுப்படிக்குள் பிரவேசித்தார். உள்ளே நுழைந்ததும் எது எங்கே இருக்கிறது என்று கேட்டார். அடுப்பைக் காட்டினாள். அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

"முதல்ல இஞ்சி" என்றாள் அவள்.

"எவ்வளவு?"

"ஒரு துண்டுங்க. விரல் நுனி அளவுக்கு."

"யார் விரல்?"

"உங்க விரல்னே வெச்சுக்குங்களேன்."

"எந்த விரல்? கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு உனக்குத் தெரியுமா? இப்படி அளவு சொல்லி மூடி செஞ்சா அது எந்தப் பாட்டிலுக்கும் சேராது."

"சரிங்க, நடுவிரல். தோலைச் சீவிட்டு நச்சுங்க."

"நச்சறதுன்னா? துண்டாகணுமா, தூளாகணுமா, கூழாகணுமா?"

"நசுங்கினா போதும்."

"'போதும்'னு எதை வெச்சு முடிவு பண்றது?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நல்ல காரியத்துக்கு இறங்கி வந்திருக்கிற மனிதரிடம் எரிந்து விழக் கூடாது. பொறுமையாகச் சொன்னாள். "தண்ணி கொதிச்சதும் இஞ்சியப் போடுங்க. ஏலக்காய், கிராம்பு, மிளகு எல்லாத்தையும் தட்டிப் போடுங்க. முக்கியமா, பச்சைப் பால்ல இஞ்சியப் போட்டுடாதீங்க. தண்ணியில நல்லாக் கொதிச்சு வாசனை வந்ததும் டீத்தூள். அப்புறம்தான் பால்."

"வாசனை வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"மூக்குல தெரியும்."

"ஆக, மொத்தச் செய்முறையும் ஒரு தனிநபரோட மூக்கை நம்பி நடக்குது." மேலாளர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இத்தனை வருஷமா இந்த வீட்ல தரக் கட்டுப்பாடே இல்லாம டீ ஓடிட்டிருந்திருக்கு."

அன்றைக்குக் கோட்பாட்டு வகுப்பு மட்டும் என்று அறிவித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். ஆய்வுக்காக இரண்டு டம்ளர் குடித்தார்.

இரண்டாம் நாள் செய்முறை வகுப்பு. அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, யார் உதவியும் இல்லாமல், மேலாளர் பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி, அந்தப் பச்சைப் பாலில் நச்சிய இஞ்சியைத் தாராளமாகப் போட்டு அடுப்பில் ஏற்றினார். அவள் ஈரத் தலையோடு ஓடி வருவதற்குள் பால் பாலாக இல்லை. மேலே தண்ணீர் தெளிந்து, கீழே பால் கட்டிகட்டியாய்த் தங்கியிருந்தது.

"இது கெட்டுப்போன பால்" என்று தீர்ப்பு வந்தது.

"இல்லைங்க. பச்சைப் பால்ல இஞ்சியப் போட்டா திரிஞ்சிடும். நேத்தே சொன்னேனே."

"சொன்னியா?"

"சொன்னேங்க."

"நான் சாட்சி" என்றாள் வக்கீல், கூடத்திலிருந்து. "பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னாங்க."

"குடும்பத்தார் சாட்சி செல்லாது" என்றார் மேலாளர். உடனே கூடத்தில் மூன்று நாற்காலிகளைப் போட்டு "மூலக் காரண ஆய்வுக் கூட்டம்" ஒன்றைக் கூட்டினார். அவள் ஆபீஸுக்கு நேரமாகிறது என்றாள். கூட்டம் நடக்கும்போது உறுப்பினர்கள் நேரம் பார்க்கக் கூடாது என்று அறிவிக்கப்பட்டது.

"ஏன்னு கேட்டுக்கிட்டே போகணும். கடைசியில எங்க போயி முட்டுதோ அதான் மூலக் காரணம். கம்பெனியில இதுக்கு நான் பரிசு வாங்கியிருக்கேன்" என்று மேலாளர் ஆரம்பித்தார். "பால் ஏன் திரிஞ்சது? இஞ்சி போட்டதால. இஞ்சி ஏன் போட்டேன்? டீ போடறதுக்காக. நான் ஏன் டீ போட்டேன்? நீ ஊருக்குப் போறதால. நீ ஏன் ஊருக்குப் போற? பயிற்சிக்கு. ஆக, பால் திரிஞ்சதுக்கு மூலக் காரணம் உன்னோட பயிற்சி."

அவள் விதியை மீறிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல" என்று அவர் கனிவோடு சேர்த்துக்கொண்டார். "கண்டுபிடிச்சதைச் சொல்றேன்."

"அப்பா, நான் போட்டுத் தரேனே டீ" என்றாள் வக்கீல். "அஞ்சு நிமிஷ வேலை."

மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். "படிக்கிற பொண்ணு அடுப்படியில நிக்கக் கூடாது. பொம்பளைன்னா டீ போடணும்னு எவன் சொன்னது? அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு. இந்த வீட்ல அந்தப் பிற்போக்குத்தனத்துக்கு இடமே கிடையாது." இதைச் சொல்லும்போது அவர் உணர்ச்சிவசப்பட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. அவள் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் நேரத்தை மிச்சப்படுத்தும் நோக்கோடு மேலாளர் பாலையும் தண்ணீரையும் இஞ்சியையும் டீத்தூளையும் குக்கரில் போட்டு மூடி விசில் வைத்தார். மூடி விஷயத்தில் அவர் நிபுணர் என்பதால் மூடி நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. விசில்தான் ஒத்துழைக்கவில்லை. அது எழும்பியபோது இஞ்சி டீ நேராக மேற்கூரைக்குப் போய், அங்கே ஒரு பெரிய வட்டம் போட்டு, பிறகு சாவகாசமாகக் கீழே சொட்டியது. மேலாளர் அண்ணாந்து பார்த்து, "நிறம் நல்லா வந்திருக்கு" என்றார். அவள் ஏணி போட்டு ஏறித் துடைத்தாள். துடைக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொள்வதற்கு வக்கீல் இருந்ததால், மேலாளர் குளிக்கப் போனார்.

நான்காம் நாள் நிகழ்ந்ததை எழுதும்போது பேனா தயங்குகிறது. இஞ்சித் தோல் சீவுகையில் கத்தி நழுவி அவரது இடது ஆள்காட்டி விரலின் மேல்தோலைத் தொட்டுவிட்டது. மனைவி அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தினமும் நூறு விரல்களைப் பார்க்கிறவள். ஒன்றும் தென்படவில்லை. ஆனாலும் அவர் கேட்டுக்கொண்டபடி துணி சுற்றினாள். இன்னும் கொஞ்சம் சுற்றச் சொன்னார். கடைசியில் அந்த விரல் மற்ற நான்கு விரல்களையும் விடப் பெரியதாகி, தனியாக ஒரு தலையணையில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

சேதி காற்றிலே பறந்தது. மேலாளரின் அக்கா போன் செய்தாள்.

"ஏம்மா, என் தம்பி கையில கத்தியக் குடுத்தியாமே?"

"இஞ்சி சீவறதுக்கு அண்ணி."

"அந்தக் கைய நாங்க எப்படி வளர்த்தோம் தெரியுமா? பென்சில்கூட நாங்கதான் சீவிக் குடுப்போம். தையல் போட்டாங்களா?"

"லேசாக் கீறினதுகூட இல்ல அண்ணி. ரத்தமே வரல."

"உனக்கென்னம்மா, நீ ரத்தத்தையே பாத்துப் பாத்து மனசு மரத்துப்போனவ. எங்களுக்குப் பதறுது." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "நீ பெரிய பதவிக்குப் போறதுல எனக்கு ரொம்பப் பெருமை. போற இடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா ஒரு வாய் டீக்கு என் தம்பி விரலைப் பறிகொடுக்கணும்னா, கொஞ்சம் யோசிச்சுக்கோ."

விரல் போகவில்லை என்று சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டது.

வக்கீல் சும்மா இருக்கவில்லை. பட்டனைத் தட்டினால் டீ வடியும் மின்சார இயந்திரத்தைக் கண்டுபிடித்துக் காட்டினாள். "மெஷினுக்கு மனசு கிடையாது" என்று நிராகரிக்கப்பட்டது. வெந்நீரில் போட்டுக் கலக்கினால் போதும் என்கிற மசாலா டீப் பொட்டலத்தைக் காட்டினாள். "பொட்டலத்துல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று நிராகரிக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு வெறும் பால் குடித்தால் என்ன என்று கேட்டாள். மேலாளர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். சில கேள்விகள் பதிலுக்குத் தகுதியற்றவை.

வெள்ளிக்கிழமை மாலை "இறுதித் தேர்வு" நடந்தது. மேலாளர் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவி, சுற்றிய விரலைத் தூக்கிப் பிடித்தபடி அடுப்படிக்குள் போனார். அவளும் மகளும் வெளியே காத்திருந்தார்கள். உள்ளே பாத்திரம் உருளும் ஓசையும், இடையிடையே பெருமூச்சும் கேட்டன. அவள் வேண்டாத தெய்வமில்லை. ஒரு டம்ளர், குடிக்கிற மாதிரி ஒரே ஒரு டம்ளர் வந்துவிட்டால் போதும், திங்கட்கிழமை பஸ் ஏறிவிடலாம் என்று பெட்டியைக்கூட மனசுக்குள் அடுக்கிவிட்டாள்.

மேலாளர் தட்டோடு வெளியே வந்தார். டம்ளரில் வெள்ளை வெளேரென்று ஏதோ இருந்தது.

"டீத்தூள் போடலியாப்பா?" என்றாள் வக்கீல்.

மேலாளர் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மெல்ல நாற்காலியில் சரிந்தார்.

"எனக்கு வராது" என்றார். "சில பேருக்குச் சில விஷயம் வராது. நீ என்னைப் பத்தி யோசிக்காதே. நீ போ. தலைவலி வந்தா வரட்டும், மண்டையப் பிடிச்சுக்கிட்டு ஒரு மூலையில கிடந்துட்டுப் போறேன். மயக்கம் போட்டு விழுந்தா வக்கீல் பாத்துக்குவா. அவளுக்கு இந்த வருஷப் பரீட்சை போனா என்ன, அடுத்த வருஷம் எழுதிக்கட்டும். ஆனா உன் முன்னேற்றம்தான் எனக்கு முக்கியம்."

இதைவிட உருக்கமாக ஒரு கணவர் தன் மனைவியை வழியனுப்ப முடியுமா? கல்லும் கரையும். அவள் கல் இல்லை. ஒரு டம்ளர் டீக்கு வழிசெய்ய வக்கில்லாமல் பெரிய பதவிக்கு ஆசைப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு ஆத்திரமும் இருந்தது. யார்மேல் என்று தெரியாததால் அதை விழுங்கிக்கொண்டாள்.

"நான் போகலைங்க" என்றாள். "நாளைக்குச் சாயங்காலம் எங்க லேப் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

"அது உன் முடிவு" என்றார் மேலாளர். "உன் முடிவுல நான் என்னைக்குமே தலையிட்டதில்ல."

வக்கீல் புத்தகத்தைப் படாரென்று மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். மேலாளர் கொஞ்ச நேரம் கழித்து, தலை விண்விண்ணென்று தெறிப்பதாகச் சொன்னார். அவள் டீ போட உள்ளே போனாள்.

சனிக்கிழமை காலை பரிசோதனைக் கூடத்தில் ஒரே பரபரப்பு. வெளியே போய் ரத்தம் எடுத்து வருகிற பையன் லீவு போட்டுவிட்டான். தலைமை டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க ஒரு நடை போயிட்டு வந்துடுங்களேன். மூடி கம்பெனி முதலாளி. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கற சாம்பிள். வேற யாரையும் அனுப்பினா கத்துவார். அப்புறம், பயிற்சிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு டாக்டர்" என்றாள். சாம்பிள் பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அந்தக் கம்பெனிக்குள் அவள் அதுவரை காலடி வைத்ததில்லை. வீடு வேற, ஆபீஸ் வேற, இரண்டையும் கலக்கக் கூடாது என்பது மேலாளரின் நீண்டகாலக் கொள்கை. ஒரு முறை அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக்கூட வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறாள். இப்போது வேலையாக வந்திருப்பதால் கொள்கை மீறல் ஆகாது என்று சமாதானம் செய்துகொண்டு, தான் இன்னார் மனைவி என்று யாரிடமும் சொல்லாமல், முதலாளி அறைக்குள் போனாள்.

முதலாளி வயதானவர். சுவர் முழுக்க விதவிதமான மூடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டி வைத்திருந்தார். ஊசியைப் பார்க்காமல் மூடிகளைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினார்.

"எடுங்கம்மா."

"எடுத்தாச்சு சார்."

"எடுத்தாச்சா!" அவர் கையைத் திரும்பிப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "அப்ப இனிமே டீ குடிக்கலாமா?"

"குடிக்கலாம் சார்."

அவர் மணியை அழுத்தினார். முகம் மலர்ந்துவிட்டது. "இந்தப் பதினோரு மணி டீக்காகத்தாம்மா நான் ஆபீஸுக்கே வரேன். இஞ்சி டீ. இந்த மாதிரி ஊர்ல எங்கயும் கிடைக்காது. எங்க தர மேலாளர் தன் கையால போடறது."

அவள் ரத்தக் குழாயைப் பெட்டியில் நிறுத்திக்கொண்டிருந்தாள். "யாரு சார்?"

"தர மேலாளர். பல வருஷமா அவர்தான். கேன்டீன்காரரை அடுப்புக்கிட்டயே விடமாட்டார். இஞ்சியத் தானே பார்த்துப் பொறுக்கிட்டு வருவார், கல்லுல நச்சுவார், வாசனைய வெச்சே 'இப்ப டீத்தூள் போடலாம்'னு சொல்லுவார். அப்படி ஒரு மூக்கு! ஒருநாள் என் வீட்ல டீ போட்டா பால் திரிஞ்சு போகுதுன்னு பேச்சுவாக்குல சொன்னேன். 'சார், பச்சைப் பால்ல இஞ்சியப் போட்டிருப்பாங்க, முதல்ல தண்ணியில கொதிக்கணும்'னு சட்டுனு சொல்லிட்டார். என் சம்சாரத்துக்குப் போன்ல வகுப்பே எடுத்தார்னா பாத்துக்குங்களேன்."

 எந்த நரம்பிலும் தடுமாறாத அவள் கையிலிருந்து பஞ்சு கீழே விழுந்தது. திரிந்துபோன பாலும், மேற்கூரை வட்டமும், தலையணையில் படுத்திருந்த விரலும் வரிசையாக அவள் கண்முன் வந்து நின்றன. நேற்று யார்மேல் என்று தெரியாமல் விழுங்கிய ஆத்திரத்துக்கு இப்போது விலாசம் கிடைத்துவிட்டது.

கதவு திறந்தது. முதலில் வாசனை வந்தது. பின்னால் மேலாளர் வந்தார். கையில் தட்டு, தட்டில் கெட்டில், கப்புகள், சர்க்கரைக் கிண்ணம், ஸ்பூன். இடது ஆள்காட்டி விரல் துணியெல்லாம் களைந்து, தட்டின் விளிம்பை உறுதியாகப் பிடித்திருந்தது. அவர் முதலாளியை மட்டும் பார்த்தபடி, முதுகைச் சற்றே வளைத்து நடந்து வந்ததால் ஜன்னல் பக்கம் நின்ற அவளைப் பார்க்கவில்லை.

"சார், இன்னிக்கு மிளகு கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேன். காலைல ரெண்டு தடவை இருமினீங்க."

"பாருங்கம்மா, இதையெல்லாம் கவனிப்பார்!"

மேலாளர் கெட்டிலை உயரத் தூக்கி ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். நுரை விளிம்புவரை வந்து நின்றது. அரை ஸ்பூன் சர்க்கரையை எடுத்து, கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டி, அதிகமாய் இருந்ததை உதிர்த்துவிட்டுப் போட்டார். அந்தக் கண்கொள்ளாக் காட்சியை முடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மனைவியைப் பார்த்தார்.

தட்டு ஒரு முறை ஆடியது. ஆனாலும் எதுவும் சிந்தவில்லை.

"என்ன, தெரிஞ்சவங்களா?" என்றார் முதலாளி.

"சார்… இது… என் மனைவி."

"அடடே!" முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "சொல்லவே இல்லையேம்மா! குடுத்து வெச்சவங்க நீங்க! வீட்ல தினமும் இந்த டீதானே?"

மேலாளர் அவளைப் பார்த்தார். எத்தனையோ இடங்களில் அவர் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவள். அக்காவிடம், சொந்தக்காரர்களிடம், மகளிடம்கூட. இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவர் கண் கெஞ்சியது.

"இல்ல சார்" என்றாள் அவள். "நான் இதுவரைக்கும் ஒரு வாய்கூடக் குடிச்சதில்ல."

முதலாளி வேடிக்கை என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவு தெரிஞ்சும் வீட்ல காட்டிக்கல பாருங்க! என்ன ஒரு அடக்கம்!"

உண்மைதான். தனக்கு இப்படி ஒரு திறமை இருப்பதைக் கட்டின மனைவிக்குக்கூடத் தெரியாமல் இத்தனை வருடம் பொத்திக் காத்த அடக்கத்துக்கு ஈடு எங்கே இருக்கிறது?

"அவங்களுக்கும் ஒரு கப் ஊத்துங்க" என்றார் முதலாளி.

மேலாளர் இன்னொரு கப்பை எடுத்து வைத்தார். கெட்டிலைத் தூக்கினார். அதே உயரம், அதே நுரை, ஒரு சொட்டு வெளியே விழவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தில் ஸ்பூனை விட்டு எடுத்தார். அதற்கு மேல் கை நகரவில்லை. ஸ்பூன் கப்புக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பாதியைக் கொட்டினார். திரும்பவும் அள்ளினார். முதலாளி தன் டீயை உறிஞ்சிக்கொண்டே இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மேலாளர் அவள் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"உனக்கு… சக்கரை எத்தனை ஸ்பூன்?"

அவள் சாம்பிள் பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒண்ணும் அவசரம் இல்லைங்க" என்றாள். "திங்கக்கிழமை காலைல நான் பஸ் ஏறிடறேன். மூணு மாசம் இருக்கு. நிதானமா யோசிச்சு வைங்க."